டவுன்ஹில் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: தேர்வில் எங்கே சறுக்குகிறோம்?

கடையில் நிற்கும் சைக்கிளின் லீவரை ஒரு விரலால் இழுத்துப் பார்த்து, ‘நல்லா பிடிக்குது’ என்று முடிவு செய்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. அந்தச் சோதனையில் எந்த பிரேக்கும் தோற்காது. ஆயிலில் காற்று இல்லாத, சக்கரத் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பேடில் எண்ணெய் படாத எந்த ஹைட்ராலிக் பிரேக்கும் சூடேறாத நிலையில் நன்றாகத்தான் பிடிக்கும். மலை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி நாலைந்து நிமிடம் ஆன பிறகும் அதே லீவர் அதே இடத்தில், அதே அழுத்தத்துக்கு, அதே அளவு பிடிக்கிறதா? டவுன்ஹில்லுக்கு பிரேக் வாங்குபவர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைப் பாதை ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஓட்டுபவரும் சைக்கிளுமாகச் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 540 கிலோஜூல். ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் சஸ்பென்ஷனிலும் போகும். மீதி முழுவதும் ஒவ்வொன்றும் 200 கிராம் அளவே எடையுள்ள இரண்டு எஃகுத் தகடுகளில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர்களில், இறங்குகிறது.

இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. “நான் என்ன ரேஸரா? மெதுவாகத்தான் போகப் போகிறேன், சாதாரண பிரேக் போதும்” என்பார்கள். உண்மையில் வேகமாக ஓட்டுபவருக்குக் காற்றின் தடையே கணிசமான ஆற்றலைத் தின்றுவிடும். வளைவுக்கு முன்னால் பலமாக ஒரு பிடி பிடித்துவிட்டு, அப்புறம் லீவரை விட்டுவிடுவார். அந்த இடைவெளியில் ரோட்டர் ஆறும். பயந்து பயந்து இறங்கும் புதியவரோ உச்சியிலிருந்து அடிவாரம் வரை லீவரை விடவே மாட்டார். மெதுவாகப் போவதால் காற்றுத் தடையும் குறைவு, ரோட்டர் ஆறுவதற்கு நேரமும் கிடையாது. ஆக, சூட்டைத் தாங்கும் பிரேக் அதிகம் தேவைப்படுவது பல நேரங்களில் புதியவருக்குத்தான். உடல் எடை அதிகம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் கார்களைத் தாழ்ந்த கியரில் வரச் சொல்வதும் இந்தச் சூட்டுக்குப் பயந்துதான். காரிலாவது இழுத்துப் பிடிக்க இன்ஜின் இருக்கிறது. சைக்கிளில் அந்த வேலையும் பிரேக்குக்குத்தான்.

மலை சைக்கிளின் வரலாறே இந்தச் சூட்டில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் நடக்கத் தொடங்கிய ரீபேக் பந்தயத்தில், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் வைத்த பழைய சைக்கிள்களில்தான் இறங்கினார்கள். அடிவாரம் வருவதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும்; ஹப்பைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு கிரீஸ் இல்லை, ஆயில் இருக்கிறது. பிரச்சினை அதேதான்.

ரோட்டரை மறந்துவிட்டு காலிப்பருக்குப் பணத்தைக் கொட்டுவது

பிரேக் போதவில்லை என்றால் உடனே புது பிரேக் செட் தேடுவதுதான் வழக்கம். என் கருத்தில் முதலில் மாற்ற வேண்டியது ரோட்டரும் பேடும்தான். 180 மில்லிமீட்டர் ரோட்டரை எடுத்துவிட்டு 203 போட்டால், அதே லீவர், அதே காலிப்பரில் (பேடுகளை அழுத்தும் பகுதி) பிடிமானம் ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். ரோட்டரின் எஃகு கூடுவதால் சூட்டைத் தாங்குவதும், பரப்பு கூடுவதால் ஆறுவதும் கூடவே மேம்படும். எடை சில பத்து கிராம்தான் ஏறும். இறங்குவதற்கென்றே செய்த சைக்கிளில் அந்தச் சில பத்து கிராமுக்குக் கணக்கு பார்ப்பது வீண்.

சக்கரத்தின் அளவும் கணக்கில் வர வேண்டும். பழைய 26 இன்ச் சக்கரத்துக்கு 203 ரோட்டர் தாராளமாக இருந்தது. 29 இன்ச் சக்கரத்தின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பெரியது. அதனால் அதே ரோட்டர் தரையில் கொடுக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். பழைய பிடிமானம் திரும்ப வேண்டுமென்றால் 220க்குப் பக்கத்தில் போக வேண்டும். “பத்து வருஷமாக 203தான், ஒரு குறையும் இல்லை” என்று அண்ணன்மார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவர் எந்தச் சக்கரத்தில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 220 போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் பின்பக்க ஃபிரேமுக்கும் தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச ரோட்டர் அளவு உண்டு. அதை மீறினால் காலிப்பர் பூட்டும் மவுண்ட்டில் விழும் சுமை கூடும். பெரிய ரோட்டர் எளிதில் வளையவும் செய்யும், பின்னால் பாறையில் இடிபடவும் செய்யும். 55 கிலோ எடையுள்ளவர் இரண்டு பக்கமும் 220 வைத்தால் ஈர மண்ணில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதுதான் அதிகமாகும்.

200க்கும் 203க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கலந்துவிடுவது இன்னொரு தவறு. ஆரத்தில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் 203க்கான அடாப்டரில் (ரோட்டர் அளவுக்கேற்பக் காலிப்பரை உயர்த்தும் துண்டு) 200 ரோட்டரைப் பூட்டினால் பேடின் மேல் ஓரம் ரோட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உரசாத அந்த ஓரம் தேயாது. நாள் ஆக ஆக இரண்டு பேடிலும் அங்கே ஒரு வரப்பு எழும்பி, கடைசியில் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அப்போது லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சைக்கிள் மட்டும் நிற்காது. பிரேக் கம்பெனிகளில் ஸ்ராம் 200, 220 என்று போகிறது. ஷிமானோ 203. டிஆர்பி 203, 223. எந்த ரோட்டரோ அதற்கேற்ற அடாப்டரையும் வாஷரையும் வாங்குங்கள்.

தடிமனும் அப்படித்தான். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தால் தூக்கிப் போட வேண்டும். டிஆர்பியின் டவுன்ஹில் ரோட்டர் 2.3 மில்லிமீட்டர். சூட்டைத் தாங்க அது நல்லதுதான். ஆனால் மெல்லிய ரோட்டருக்காக அமைத்த காலிப்பரில் அதைத் திணித்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். பழைய ரோட்டர் வாங்குவதாக இருந்தால் தேய்மானத்தை அளந்து பாருங்கள். சாதாரண வெர்னியரின் தாடை தேயாத வெளி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு 1.8 என்று பொய் சொல்லும். உள்ளே பேட் ஓடும் பட்டை அதைவிடப் பள்ளமாக இருக்கும். விரல் நகத்தை மையத்திலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பில் நகம் தட்டினால் பட்டையை மட்டும் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ரோட்டரின் மையத்தையும் வளையத்தையும் இணைக்கும் கைகளில் நீலம் பாய்ந்திருந்தால், ஒருமுறையாவது நன்றாக வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

பேடில் செய்யும் குளறுபடி

ஆர்கானிக் அல்லது ரெசின் பேட் சத்தமில்லாமல், எடுத்த எடுப்பிலேயே பிடிக்கும். சேற்றில் சீக்கிரம் தேயும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். உலோகத்தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேட் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். முதல் பிடியில் கொஞ்சம் சோம்பல், சத்தம் அதிகம், ரோட்டரையும் வேகமாகத் தின்னும். நீண்ட இறக்கங்களுக்குச் சின்டர்டு என்பது பொதுவான தேர்வு. சத்தத்துக்குப் பயந்து அதை ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். மலையில் யார் தூக்கம் கெடப் போகிறது?

ஆனால் சின்டர்டு வாங்கும் முன் ரோட்டரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த ஷிமானோ ரோட்டர் சிலவற்றில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்த எஃகு மென்மையானது. சின்டர்டு பேட் அதைச் சீக்கிரமே அரித்துத் தள்ளிவிடும். புது சைக்கிளோடு வந்த ரோட்டர்தானே என்று யாரும் அந்த எழுத்தைப் படிப்பதில்லை.

புதுப் பேடைப் போட்டவுடன் நேராக மலை ஏறிவிடுவதும் நடக்கிறது. பேடின் மெல்லிய படலம் ஒன்று ரோட்டரில் சீராக ஒட்டிய பிறகே முழுப் பிடி கிடைக்கும். அதற்குச் சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்கு 20 முறை, கொஞ்சம் கூடுதல் வேகத்திலிருந்து 10 முறை என்று ஸ்ராம் சொல்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளவோ முழுதாக நிற்கவோ கூடாது. இதைச் செய்யாமல் முதல் இறக்கத்திலேயே சூடாக்கினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும். லேசான பளபளப்பை உப்புத்தாளில் தேய்த்து எடுக்கலாம். எண்ணெய் குடித்த பேடுக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். சங்கிலிக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் ரோட்டரை ஒரு துணியால் மூடினால் அந்தச் செலவு மிச்சம்.

எந்த ஆயில் என்று கேட்காமல் வாங்குவது

ஷிமானோ, மகுரா, டிஆர்பி எல்லாம் மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் டொமினியன், ஸ்ராம் கோட் ஆகியவை டாட் (DOT) ஆயில். அதே ஸ்ராமின் மேவன் மாடல் மினரல் ஆயில் என்பதால், பிராண்டை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

நம் ஊரில் இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல. எந்த மோட்டார் பைக் ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும் பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. ‘ஏர் எடுக்கணும்’ என்று சைக்கிளைக் கொண்டுபோனால் நல்லெண்ணத்தோடு அதையே ஊற்றிவிடுவார்கள். மினரல் ஆயிலுக்கென்று செய்த சீல்கள் அதில் ஊறி உப்பிவிடும்; அப்புறம் லீவரும் காலிப்பரும் குப்பைக்குத்தான். டாட் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றினாலும் இதே கதி. பெயரில் 5 இருக்கிறதே என்று டாட் 5 வாங்கி 5.1க்குப் பதிலாக ஊற்றுவதும் தவறு. டாட் 5 சிலிக்கோன், வேறு ஜாதி.

டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1க்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 260 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 180. காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடும். பிறகு இழுத்துப் பிடிக்க ஒன்றும் இருக்காது. மழையும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஓட்டினால் சீசனுக்கு ஒருமுறையாவது டாட் ஆயிலை மாற்ற வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் கரையாமல் தாழ்ந்த இடமான காலிப்பரில் போய்த் தேங்கும். அதுதான் மிகவும் சூடாகும் இடமும். ஆகவே அதற்கும் பராமரிப்பு உண்டு. இரண்டில் எது உசத்தி என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் ஊரில் எந்த ஆயிலும் காற்று எடுக்கும் எந்த பிளீட் கிட்டும் கிடைக்கிறதோ, அதைப் பார்த்து பிரேக் வாங்குவது புத்திசாலித்தனம். பேடுக்கும் இதே விதி.

பிஸ்டன் எண்ணிக்கையும் கையும்

டவுன்ஹில்லுக்கு நாலு பிஸ்டன் காலிப்பர்தான். நீளமான பேடும் கூடுதல் பரப்பும் அதில் கிடைக்கும். எடை குறைவு என்று கிராஸ் கன்ட்ரிக்கான இரண்டு பிஸ்டன் பிரேக்கைப் போடுவதும், கேபிள் டிஸ்க்கை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பதும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, வேண்டாம். ஆனால் நாலு என்பது மட்டும் போதாது. லீவரிலுள்ள பிஸ்டனுக்கும் காலிப்பரிலுள்ளவற்றுக்கும் உள்ள பரப்பு விகிதமும் லீவரின் நெம்புதலும் சேர்ந்துதான் விசையைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே நாலு பிஸ்டனில் ஒன்று லேசாக இழுத்தாலே கடிக்கிறது, இன்னொன்று இழுக்க இழுக்கப் படிப்படியாகப் பிடிக்கிறது. சரளைக்கல்லில் டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அதற்கு மேல் பிரேக்குக்கு வேலை இல்லை. அந்த எல்லைக்குப் பக்கத்தில் விரலால் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். சிறிய கை உள்ளவர்கள் லீவரை எவ்வளவு உள்ளே கொண்டுவர முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். எட்டிப் பிடித்தே இறங்கினால் பாதி வழியில் முன்கை விறைத்துவிடும்.

கடைசியாக ஒன்று, இணையத்தில் வெளிநாட்டு பிரேக் வாங்குவோருக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் முன் பிரேக் இடது கையில். நம் மோட்டார் பைக்கில் அது வலது கையில். பதற்றத்தில் கை பழக்கப்படிதான் இழுக்கும், அதனால் இரண்டு வண்டியிலும் ஒரே பக்கம் இருப்பது முக்கியம். ஸ்ராம் கோட், மகுரா லீவர்களை எந்தப் பக்கமும் மாட்டலாம். ஷிமானோ, ஹோப் லீவர்களுக்கு இடது வலது உண்டு. ஆயில் நிரப்பி, முன்னுக்குக் குட்டை ஹோஸும் பின்னுக்கு நெட்டை ஹோஸும் பொருத்திப் பெட்டியில் வரும் ஷிமானோ செட்டைப் பக்கம் மாற்ற ஹோஸைக் கழற்றி, வெட்டி, ஹோஸ் முனையைப் பூட்டும் புது ஆலிவும் இன்சர்ட்டும் போட்டு, திரும்ப பிளீட் செய்ய வேண்டும். ஹோஸ் ஃபிரேமுக்குள்ளே ஓடும் சைக்கிள் என்றால் பின்பக்கத்துக்கு எப்படியும் இந்த வேலை வரும். ஆர்டர் போடும்போதே ஆலிவும் இன்சர்ட்டும் இரண்டு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒருமுறை நசுங்கிய ஆலிவை மறுபடி பயன்படுத்த முடியாது.