நியூயார்க்கில் சுதந்திர தேவியைக் காசில்லாமல் பார்க்க

நியூயார்க் போகிறவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சிலையின் காலடிவரை போகவேண்டும் என்றால் டிக்கெட் எடுத்துத்தான் ஆகவேண்டும். கண்குளிரப் பார்த்துப் படம் எடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஸ்டேட்டன் தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகான ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி இருக்கிறது. 1997 முதல் இதில் கட்டணமே கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது.

மன்ஹாட்டனின் தென்முனையில் உள்ள வைட்ஹால் டெர்மினலில் ஏறவேண்டும். சப்வேயில் 1-ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான சவுத் ஃபெர்ரியில் இறங்கினால் வாசலிலேயே விடும். வழியில் யாராவது இதற்கு டிக்கெட் என்று நீட்டினால் வாங்காதீர்கள், நேரே உள்ளே போய்விடுங்கள்.

கதவு திறந்ததும் படகின் வலது பக்கத்து வெளித்தளத்துக்குப் போய் இடம் பிடியுங்கள். இதுதான் முக்கியம். சிலை அந்தப் பக்கம்தான் வரும். முதலில் தூரத்தில் பச்சையாய்ச் சிறு உருவம், அப்புறம் கையில் தீப்பந்தமும் தலையில் கிரீடமும் தெளிவாகத் தெரியும். கோடையிலும் காற்று பலமாக அடிக்கும், குழந்தைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 25 நிமிடப் பயணம். அக்கரையில் எல்லோரும் இறங்கியாகவேண்டும். சுற்றிவந்து அடுத்த படகில் ஏறலாம். திரும்பும்போது சிலை இடது பக்கம். ஆனால் அப்போது படகின் முன்பக்கம் நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும், மன்ஹாட்டன் கட்டடங்கள் நெருங்கி வருவது அத்தனை அழகு. மாலை அலுவலக நேரத்தில் மட்டும் போகாதீர்கள், வீடு திரும்பும் கூட்டம் நெரியும்.