ஆஃப்டர்கூலரை எப்போது சுத்தம் செய்வது?

இத்தனை மணி நேரம் ஓடிவிட்டது, கழற்று என்று நேரக் கணக்கை மட்டும் வைத்து ஆஃப்டர்கூலரை (டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்) திறக்காதீர்கள். தூசியும் எண்ணெய்ப் புகையும் உள்ள இன்ஜின் அறையில் அது குறித்த நேரத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். நல்ல காற்று கிடைக்கும் இன்ஜினிலோ தேவையில்லாமல் கழற்றி ஃபின்னை (காற்று உரசிப் போகும் மெல்லிய உலோகத் தகடுகளை) நசுக்குவதுதான் மிச்சம்.

பார்க்க வேண்டியது இரண்டு ரீடிங். முதலாவது, கூலருக்குள் நுழையும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். தண்ணீர் ஊற்றிய யூ வடிவ மானோமீட்டரே போதும், இரண்டு பக்க நீர்மட்டமும் எத்தனை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று பாருங்கள். கூலர் சுத்தமாக இருந்தபோது அதே லோடில் எடுத்த ரீடிங்கைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதா, காற்றுப் பக்கத்தைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது (உங்கள் இன்ஜின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு). "அதே லோடு" என்பதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் லோடு குறைந்தால் காற்றோட்டமும் குறைந்து, அடைத்துக் கிடக்கும் கூலர்கூட நல்ல ரீடிங் காட்டும்.

இரண்டாவது, வெளிவரும் காற்றின் வெப்பநிலையிலிருந்து உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலையைக் கழித்து வரும் இடைவெளி. வெறும் காற்று வெப்பநிலையை மட்டும் பார்த்தால் வெயில் நாளில் ஏமாந்துவிடுவோம். இந்த இடைவெளி மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் அழுத்த வித்தியாசம் அசையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கத்தில்தான். அப்போது தண்ணீர் நுழைந்து வெளியேறும் வெப்பநிலைகளையும் பாருங்கள்: வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, முதலில் ஸ்ட்ரெய்னரையும் (தண்ணீர் வடிகட்டி) பம்ப்பையும் பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் ட்யூபுக்குள் படிவு ஏறி வெப்பம் கடக்காமல் நிற்கிறது.

எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் சொல்லிக்கொடுக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் ஏறினால் இன்ஜெக்டர், வால்வு பக்கம் போங்கள். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து ஏறி, கூடவே கரும்புகையும் வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஆனால் கூலரைக் குற்றம் சொல்லுமுன் ஏர் ஃபில்டரையும் டர்போவையும் பார்த்துவிடுங்கள்.

திறந்ததும் காற்று நுழையும் பக்கத்து ஃபின்னை விரலால் தொட்டுப் பாருங்கள். கருப்பாக, பிசுபிசுவென்று ஒட்டினால் அது தூசி மட்டும் இல்லை, டர்போ சீலிலிருந்தோ கிராங்க்கேஸ் பிரீதரிலிருந்தோ (இன்ஜின் அடிப்பகுதியின் ஆவி வெளியேறும் வழி) எண்ணெய் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் கழுவிப் பூட்டினால் சீக்கிரமே மறுபடியும் கழற்றுவீர்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். ஃபின் அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடாவும் கூடாது, அரித்துவிடும்.

பூட்டுமுன் தண்ணீர்ப் பக்கம் எங்காவது கசிகிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். அப்புறம் லோடு ஏற்றி, புது ரீடிங் இரண்டையும் தேதியோடும் லோடோடும் லாக் புக்கில் எழுதிவிடுங்கள், அடுத்த முறை ஒப்பிட வேண்டியது அதோடுதான்.