அலமாரியில் தூங்கும் அறிக்கைகள்: போக்குவரத்து ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கலவை மழையைத் தாங்கும், எந்த வளைவில் விபத்து அதிகம், பாலத் தளம் ஏன் சீக்கிரம் அரிக்கிறது என்று தெரிந்துகொள்ள அரசுப் போக்குவரத்துத் துறைகள் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகின்றன. அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. மாநிலங்களுக்கு வரும் மத்திய நெடுஞ்சாலை நிதியின் முக்கியப் பிரிவுகளில் 2 சதவீதத்தைத் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தொகையிலும் குறைந்தது கால் பங்கு ஆராய்ச்சிக்கும் அதன் பலனைக் களத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்கும் போக வேண்டும். ஆக, பணம் வந்துவிடுகிறது. முடிவை யார் கையில் எடுத்துப் பயன்படுத்தப் போகிறார் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தவறு பெரும்பாலும் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. ‘பாலங்களின் ஆயுளைக் கூட்டுவது எப்படி?’ என்று கேட்டால் இருநூறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை வரும், ஆனால் ஒன்றும் மாறாது. ‘பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில், பாலத் தளத்துக்கு இப்போதுள்ள பூச்சுக்குப் பதில் இந்தப் பூச்சைப் போட்டால் அடுத்த பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட முடியுமா?’ என்பது வேலைக்கு ஆகும் கேள்வி. ஆய்வு கேட்டு வருகிறவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: விடை கிடைத்தால் எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியை மாற்றுவீர்கள்? டெண்டர் விவரக்குறிப்பா, வடிவமைப்புக் கையேடா, பராமரிப்பு அட்டவணையா? பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

அடுத்தது, ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்க்காமல் இறங்குவது. டிரிட் என்ற தரவுத்தளத்தில் போக்குவரத்து ஆய்வுகள் பற்றிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இரண்டு நாள் தேடினால் இரண்டு வருட வேலை மிச்சமாகலாம். பல மாநிலங்களுக்குப் பொதுவான சிக்கல் என்றால் ஆளுக்கொரு ஆய்வு நடத்துவதைவிடப் பணத்தைச் சேர்த்துப்போட்டு ஒரே ஆய்வாகச் செய்யலாம். அமெரிக்க மாநிலங்கள் 1962 முதல் தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தின் வழியே இதைச் செய்துவருகின்றன.

சரி, கேள்வி நல்ல கேள்வி, ஒப்பந்தமும் போட்டாயிற்று. இனி ஆய்வு ஆய்வாளர்களின் பாடு என்று துறை ஒதுங்கிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மேற்பார்வைக் குழுவில் பெயருக்கு ஆறு பேர் இருப்பார்கள், காலாண்டு அறிக்கை மின்னஞ்சலில் வரும், பில் பாஸாகும், அவ்வளவுதான். களத்தில் தார் போடும் பொறியாளர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், ‘இந்த வெப்பநிலையில் லாரியிலிருந்து இறக்கவே முடியாதே’ என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார். அவர் இல்லாவிட்டால் அதே வார்த்தையை ஆய்வு முடிந்த பிறகு கேட்க வேண்டியிருக்கும். பொறுப்பாளர் ஒரே ஆளாக இருப்பதும் ஆபத்து. அவர் இடமாற்றலில் போனால் திட்டம் அனாதையாகிவிடும். பொறுப்பைப் பதவியோடு சேர்த்துக் கட்டுங்கள், கூடவே இன்னொருவரையும் பழக்குங்கள்.

ஆய்வின் எல்லையை மறப்பதும் பெரிய தவறு. இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை, அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் பெயரால் ஆஷோ எனப்படும் சாலைச் சோதனை நடந்தது. தனியாக அமைத்த சாலைச் சுற்றுகளில் ராணுவத்தினர் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அச்சுப் பளு, அதாவது வண்டியின் ஓர் அச்சு சாலை மேல் ஏற்றும் எடை, இரட்டிப்பானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். மகத்தான வேலை. ஆனால் அங்கே இருந்தது ஒரே வகை அடிமண், ஒரே தட்பவெப்பம், இரண்டே ஆண்டுகள். அந்தச் சமன்பாடுகளை எத்தனையோ விதமான மண்ணிலும் வெயிலிலும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். நிஜச் சாலைகளையே நீண்ட காலம் கவனிக்கும் திட்டம் 1987இல்தான் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 2,400க்கும் மேற்பட்ட சாலைத் துண்டுகள் அதில் கண்காணிக்கப்பட்டன. சாலை மெதுவாகத்தான் கெடும், அதை நிதியாண்டு முடிவதற்குள் அளந்துவிட முடியாது.

அப்புறம், அமலாக்கத்துக்குப் பணம் வைக்காமல் இருப்பது. சூப்பர்பேவ் என்ற தார்க் கலவை வடிவமைப்பு முறை, 1987இல் தொடங்கிய 15 கோடி டாலர் ஆராய்ச்சித் திட்டத்தில் பிறந்தது. அது தானாகப் பரவிவிடவில்லை. மாநிலங்கள் சோதனைக் கருவிகளைக் கூட்டாக வாங்கின, வட்டார மையங்கள் பயிற்சி தந்தன, முன்னோடி மாநிலங்கள் மற்றவர்களுக்குக் கைகொடுத்தன. அப்படியும் பரவலாகப் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தது. கருவி வாங்கவும், ஆய்வகப் பணியாளருக்குப் பயிற்சி தரவும், ஒப்பந்ததாரருக்கு விளக்கவும், மாதிரிச் சாலை போடவும் ஆகும் செலவை ஆய்வின் முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

பலன் கிடைக்காத ஆய்வை மறைப்பதும் பணத்தை வீணாக்குவதுதான். ஒரு சேர்மம் வேலை செய்யவில்லை என்று பதிவு செய்தால், அதை வாங்கவிருந்த பத்துத் துறைகள் தப்பிக்கும். மூலத் தரவும் அப்படித்தான். ஆய்வாளரின் மடிக்கணினியோடு அது போய்விடக் கூடாது, ஒப்படைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அமெரிக்க மாநிலங்களில், ஒரு மாநிலத்தின் ஆராய்ச்சி நிர்வாகத்தை மற்ற மாநிலங்களின் மேலாளர்கள் அவ்வப்போது வந்து அலசிப் பார்ப்பதும் விதியில் இருக்கிறது. அங்கே எத்தனை அறிக்கை வெளியிட்டோம் என்ற பட்டியலை நீட்டாதீர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஆய்வுகளை எடுத்துவைத்து, அவற்றில் எவை இன்று விவரக்குறிப்பில் இருக்கின்றன, எவை இல்லை, ஏன் என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள்.