குளத்து ஆம்பலை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டக் குளங்களிலும், களியக்காவிளைக்கு அப்பாலுள்ள கேரள நீர்நிலைகளிலும் தாமாக வளரும் ஆம்பலில் இரண்டு வகைகளே பரவலாகக் காணப்படுகின்றன. இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும் வெள்ளாம்பலின் இலை விளிம்பு பல்பல்லாக இருக்கும். இலையின் அடிப்புறத்தைத் தடவினால் மென்மயிர் விரலில் தட்டுப்படும். பகலில் விரியும் நீல ஆம்பலில் அந்த மயிர் இராது. பகல் முழுவதும் வேலைக்குச் செல்பவர்கள் வெள்ளாம்பலைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கிழங்கு எடுக்கக் கோடையே உகந்த காலம். குளம் வற்றி இலைகள் கருகிய பின்னும் அது சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் கை வைக்க வேண்டாம். தூர்வாரிக் கரையில் கொட்டிய மண்ணில் தேடினாலே போதும். குளம் தாமரைக் குத்தகையில் இருந்தால், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எடுத்த கிழங்கை நன்றாகக் கழுவாவிட்டால் பாயல் என்னும் மிதக்கும் நீர்க்களையும் ஆகாயத்தாமரையும் கூடவே வந்து தொட்டியை மூடிவிடும்.

இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட சிமெண்ட் தொட்டி போதுமானது. அடியில் ஒரு கைப்பிடி எலும்புத்தூளைத் தூவி, அதன்மேல் அரையடி உயரத்துக்கு வயல் களிமண்ணையோ குளத்து வண்டலையோ நிரப்ப வேண்டும். தென்னை நார்க்கழிவு மிதக்கும். பச்சைச் சாணம் நீரை அழுகவைத்துப் பாசியை வளர்க்கும். கிழங்கின் முளை மட்டும் வெளியே தெரியும்படி நட்டு, மண் கலங்காமலிருக்க விரற்கடை உயரம் ஆற்றுமணல் பரப்பலாம்.

பலரும் தவறுவது தண்ணீர் விடுவதில்தான். நட்ட அன்றே தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், சிறிய கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் இலைக்காம்பை நீட்டுவதிலேயே செலவழித்து, இலை மேலே வந்து சேருமுன் அழுகிப்போகக்கூடும். ஆகவே முதலில் மண்ணுக்கு மேல் நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும். இரண்டு மூன்று இலைகள் மிதக்கத் தொடங்கிய பிறகு, காம்பு வளர வளரச் சிறிது சிறிதாக மட்டத்தை உயர்த்த வேண்டும். மே மாதக் கடைசியில் நட்டால் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும். மழையில் மண் கரைந்தோடாதபடி விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளையிட்டு, அதில் வலைத்துணி கட்டிவிடலாம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். தென்னை நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். கொசுவுக்கு வாய்க்கால் மீன்குஞ்சுகள் நான்கைந்து விட்டால் போதும். இலையில் வட்டமாகத் துண்டு வெட்டி, அதையே போர்த்துக்கொண்டு மிதக்கும் புழுவைக் கண்டால் கையால் எடுத்துப் போடுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் மருந்து தெளிக்கக் கூடாது.

பூ முடிந்ததும் காம்பு நீருக்குள் இறங்கி, காய் அங்கேயே முற்றி வெடிக்கும். விதை வேண்டுமென்றால் முன்னதாகவே காயை மெல்லிய துணியால் கட்டிவைக்க வேண்டும். இல்லையேல் விதைகள் சற்று நேரம் மிதந்து பரவி, பிறகு சேற்றில் படிந்துவிடும்.