திருகோணமலையில் சொந்தமாகப் பாமசி நடத்தப் போகிறீர்களா? கிளினிக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள்

பாமசி போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இடத்தைப் பற்றித்தான். ஆஸ்பத்திரிக்குக் கிட்டவா, பிரதான வீதியா, உப்புவெளிப் பக்கமா என்று. இடம் முக்கியம்தான், ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: மாதாமாதம் உங்களிடம் வரப்போகிறவர் யார்? பனடோல் ஒரு கார்ட் வாங்குகிறவர் எந்தக் கடையிலும் வாங்குவார். பிரஷருக்கும் சுகருக்கும் தன் மருந்து எழுதிய கிளினிக் கொப்பியோடு வருகிற அம்மாதான் உங்கள் தொழில். மூலதனம், கடன், ஆள், நேரம் எல்லாவற்றையும் அவரை வைத்துத் தீர்மானியுங்கள்.

அரச கிளினிக்கில் மருந்து இலவசம், ஆனால் அங்கே முடிந்துவிட்டால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டோடு கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர் மூன்று மருந்தில் ஒன்று இல்லை என்று கேட்டால், மூன்றையும் வேறு கடையில்தான் வாங்குவார், அடுத்த மாதமும் அங்கேதான் போவார். ஆகவே கடையில் நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். பெயர், மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்குக் கொடுத்தோம், எப்போது முடியும், அவர் சம்மதித்தால் போன் நம்பர். முடிவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்னர் ஒரு அழைப்பு எடுங்கள். கொப்பி லாச்சிக்குள் பூட்டி இருக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நிற்கும்போது ஒருவருடைய நோயைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. சின்ன ஊர், பேச்சு வேகமாகப் பரவும்.

அந்தக் கொப்பிதான் உங்கள் கொள்முதல் கணக்கும். 40 பேர் சுகர் மருந்தான மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு எடுக்கிறார்கள் என்றால் மாதத்துக்கு 2,400 குளிசை. ஐந்து கிழமைக்குப் போதுமானதை வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு வேண்டாம். கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல், மாரியில் வெள்ளம் வந்தால் லொறி பிந்தும், அதற்குத்தான் அந்த மேலதிக ஒரு கிழமை.

மருந்துக் கொம்பனி ரெப் வந்து '100 எடுத்தால் 20 ஃப்ரீ' என்பார். அங்கேயே கல்குலேட்டரை எடுங்கள். ஒரு கார்ட் 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம், போட்ட காசு 8,000. காலாவதிக்கு முன் 120ம் விற்றால் 12,000, சந்தோஷம். 70 தான் விற்றது என்றால் 7,000, ஃப்ரீ கிடைத்தும் ஆயிரம் நட்டம். காலாவதி கிட்டிய சரக்கைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்தவுடன் திகதியைப் பாருங்கள், முன்னுக்கு முடிவது முன்னுக்கு நிற்க வேண்டும்.

விலை உங்கள் கையில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2016இல் 48 மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைத்தது. 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது மார்ச்சில் 29 வீதம் கூட்ட விட்டார்கள், ஏப்ரலில் 60 மருந்துகளுக்கு 40 வீதம், பிறகு 2023 ஜூனில் 16 வீதம் குறைத்தார்கள். கூடின விலைக்கு வாங்கி அடுக்கி வைத்தவர்கள் அந்த வித்தியாசத்தைத் தங்கள் பொக்கட்டிலிருந்துதான் கொடுத்தார்கள். அரசின் மருந்துக்கடையான ஒசு சலவோடு விலையில் மோதவும் போக வேண்டாம். உங்கள் இலாபம் அளவறிந்து வாங்குவதில் இருக்கிறது.

கடன். இதில் மனதைக் கல்லாக்கச் சொல்ல மாட்டேன். மாரியில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் மீனவக் குடும்பத்திடம் காசு இருக்காது, தம்பலகாமத்து விவசாயிக்கு அறுவடை வரைக்கும் அதே நிலைதான். மாதமருந்துக்காரருக்கு மட்டும், ஒரு மாத அளவு, பழையதில் ஒரு பகுதியாவது தந்தால்தான் புதியது, இப்படி ஒரு வரை வைத்து எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். நீங்கள் கொம்பனிக்கு எழுதிய செக் பாஸாகும் திகதியையும் அதே கொப்பியில் எழுதுங்கள், கொடுத்த கடன் அதற்கு முன் திரும்ப வருமா என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது மருந்தாளர். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த மருந்தாளர் இல்லாமல் பாமசிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைதான் அதைக் கொடுக்கிறது. சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறெங்கோ இருக்கும் கடைகள் உண்டு. தயவுசெய்து அப்படி நடத்தாதீர்கள். மூலதனத்தில் முதல் செலவாக அவருடைய சம்பளத்தைப் போடுங்கள், அது கட்டாது என்றால் கடையைத் தள்ளிப் போடுங்கள். ஒரே மருந்தை இரண்டு கொம்பனிப் பெயரில் சேர்த்து விழுங்கும் முதியவரைக் கண்டுபிடிப்பவர் அவர்தான். நோன்பு மாதத்தில் சுகர் மருந்தை எப்படி எடுப்பது என்று கேட்கிறவரை முன்கூட்டியே டொக்டரிடம் அனுப்புகிறவரும் அவர்தான்.

அன்ரிபயோட்டிக் துண்டில்லாமல் கேட்டு வருவார்கள், தெரிந்தவர்களே வருவார்கள். 'அண்ணை, துண்டு இல்லாம இதத் தரேலாது. ரெண்டு நாளா காய்ச்சல் எண்டால் ரத்தம் சோதிச்சுப் பாருங்கோ, டெங்குவா இருக்கலாம்' என்று சொல்லுங்கள். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை, அதனால் கோபித்தாலும் கேட்பார்கள். அவர் போய்விட்டால் அந்த விற்பனை போகட்டும்.

இன்சுலின் வைக்கிறீர்கள் என்றால் பிரிட்ஜுக்குள் தெர்மோமீற்றர் வையுங்கள், 2 முதல் 8 பாகை செல்சியஸ், காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது. ஜெனரேற்றர் வாங்கக் காசு இல்லை என்றால் பக்கத்தில் ஜெனரேற்றர் உள்ள கடையோடு இப்போதே பேசி வையுங்கள். கரண்ட் போன பிறகு ஓடித் திரிய நேரம் இருக்காது.