புலனத்தில் போட்டால் புகார் ஆகாது: தோட்டப்புறத் தாமான்களில் காவல் குழு தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மக்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறிய சிறுநகரங்களில் காவல் குழு பிறக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே வாரத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் திருடு போகும். கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடும். புலனக் (வாட்ஸ்அப்) குழு திறப்பார்கள், சட்டைக்கு அளவெடுப்பார்கள், இரவு ரோந்துக்குப் பெயர் கொடுப்பார்கள். சில மாதத்தில் ரோந்து நின்றுவிடும். போலீஸ் ஒன்றுமே செய்வதில்லை என்ற பேச்சு மட்டும் நிற்காது. பக்கத்துத் தாமான்காரர்கள் என்றோ செய்த தவறுகளை, இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கேட்டைப் பூட்டுங்கள், கடைத்தெருவில் நகையை மறையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். போலீசுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் கயிறு எங்கே அறுகிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

புகார் கொடுக்காமல் புலனத்தோடு நிறுத்திக்கொள்வது

மற்ற எல்லாத் தவறையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்த ஒன்று செய்யும் சேதம் பெரிது. எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மாறாததால் கோபமும் வருகிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு வீட்டு மோட்டார் போகிறது. பத்தே நிமிடத்தில் குழுவில் செய்தி வந்துவிடும். விடிவதற்குள் நூறு பதில். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவான காட்சி பக்கத்து ஊர் வரை போய்விடும். குழுவில் இருக்கும் போலீஸ்காரர் கட்டைவிரலைக் காட்டுவார். அதோடு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். போலீஸ் நிலையத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. அரை நாள் சம்பளம் போய்விடும், பழைய மோட்டார்தானே, போனாலும் கிடைக்கப் போகிறதா, மலாயில் பேச வராது என்று ஆளுக்கொரு காரணம்.

ரோந்துக் காரும் மோட்டார் படையும் எந்தப் பக்கம் எத்தனை முறை போக வேண்டும் என்பதை மாவட்டப் போலீஸ் தன் கையில் உள்ள பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பதிவே இல்லாத தாமான் அவர்கள் கணக்கில் அமைதியான தாமான். பிறகு மாவட்டப் போலீஸ் தலைவரான ஓசிபிடியைச் சந்திக்கும் கூட்டத்தில், ‘எங்கள் லோரோங்கில் (சந்தில்) மட்டும் எட்டு மோட்டார் போய்விட்டது’ என்று குரல் உயரும். அதிகாரி கோப்பைத் திறப்பார், ஒரே ஒரு வழக்கு இருக்கும். அவரும் பொய் சொல்லவில்லை, மக்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் ரோந்து கேட்கும் உரிமையைப் பாதி இழந்துவிட்டுத்தான் அந்தக் கூட்டத்துக்கே போயிருக்கிறார்கள்.

சேதம் ரோந்தோடு முடிவதில்லை. திருடிய மோட்டாரில் போய் இன்னொரு ஊரில் சங்கிலி பறித்தால், எண் பலகை உங்கள் பெயரைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய தேதியில் புகார் இருந்தால் அதுவே உங்களுக்குக் கவசம். காப்புறுதிப் பணம் கேட்கவும் புகார் நகல் வேண்டும்.

புகார் கொடுப்பது பலர் நினைப்பதுபோல் கடினமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவுப்படி, நீங்கள் வாயால் சொல்வதைப் போலீஸ் எழுத்தில் பதிந்து, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். சம்பவம் நடந்த இடத்துக்குப் பொறுப்பான நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். அடையாள அட்டையும் மோட்டாரின் உரிமைப் பத்திரமான கிராண்டும் எடுத்துப் போங்கள். கிராண்டில் இயந்திர எண்ணும் சேசி எண்ணும் இருக்கும். எண் பலகையைத் திருடன் அன்றே கழற்றிவிடுவான், ஆகவே இந்த இரண்டு எண்களும் புகாரில் இருக்க வேண்டும்.

சொல்லும் வரிசை இப்படி இருக்கட்டும்: கடைசியாகப் பார்த்த நேரம், காணவில்லை என்று தெரிந்த நேரம், நிறுத்தியிருந்த இடம், எந்தப் பூட்டு, பூட்டு உடைந்து கிடந்ததா, மதிப்பு எவ்வளவு, பக்கத்தில் கேமரா எங்கே இருக்கிறது. பொருள் திருடப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் ‘காணாமல் போய்விட்டது’ என்று மட்டும் சொல்லி, அது தொலைந்த பொருள் புகாராகப் பதிவாகிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். கண்ணால் பார்க்காத ஒருவன் பெயரைப் பார்த்ததுபோல் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்லலாம். பொய்ப் புகார் என்று மாட்டிக்கொள்வோமோ என்று வயதானவர்கள் பயப்படுகிறார்கள். தண்டனைச் சட்டம் 182ஆவது பிரிவு, பொய் என்று தெரிந்தே தகவல் கொடுப்பவருக்கானது. உண்மையாகச் சொல்லி ஒரு விவரம் பிசகினால் அது பாயாது.

படித்துக் காட்டும்போது புரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பக் கேளுங்கள், தவறைத் திருத்தச் சொல்லுங்கள். நகல் வாங்கி, அதில் உள்ள புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்தபின், வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை 107ஏ பிரிவில் இருக்கிறது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலையத் தலைவர் பதில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பயன்படுத்தியிருந்தால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்திருக்கும்.

குழுவாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டைக்குச் செலவழிக்கும் முன், ஒவ்வொரு லோரோங்குக்கும் மலாய் நன்றாகப் பேசும் இரண்டு பேரை நியமியுங்கள். ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்), ஆசிரியை, அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. பாதிக்கப்பட்டவரோடு நிலையத்துக்குப் போவது மட்டும்தான் அவர்கள் வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, புகார் எண் என்று ஐந்து பத்தி போட்டு எழுதி வாருங்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்) திருட்டு, ஆடு திருட்டு, ஜன்னல் கம்பியை வளைத்துப் பார்த்துவிட்டு ஓடியது, எல்லாமே புகாராக வேண்டும். உள்ளே வர முடியாமல் போனவன் அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்கு வருவான். அந்த நோட்டைக் கொண்டுபோய் ஓசிபிடி முன் வைத்துப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

999-ஐ விட்டுவிட்டுத் தெரிந்த போலீஸ்காரரை அழைப்பது

அவர் விடுப்பில் இருக்கலாம், மாற்றலாகிப் போயிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போது அவசர எண்ணான 999 மட்டும்தான். கைப்பேசியிலிருந்து 112 அழைத்தாலும் அங்கேதான் போகும்.

தோட்டப்புறத்தில் நேரம் விரயமாவது முகவரியில். லயத்துக்குத் தெருப்பெயர் கிடையாது. ‘பழைய ஸ்டோர் பக்கம்’ என்றால் அழைப்பை எடுப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மாநிலம், மாவட்டம், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அல்லது கோயில், பெரிய சாலையிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதை ஓர் அட்டையில் மலாயில் எழுதி, தமிழ் எழுத்திலும் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வீடு உடைத்தல் என்றால் ‘பெச்சா ரூமா’, பறிப்பு என்றால் ‘ராகுட்’, கொள்ளை என்றால் ‘சமுன்’. பாட்டி தனியாக இருக்கும் வீட்டில் இந்த அட்டை இருந்தே ஆக வேண்டும். பேசும்போது முதலில் இடம், பிறகு என்ன நடக்கிறது, எத்தனை பேர், ஆயுதம் இருக்கிறதா, எந்தப் பக்கம் ஓடினார்கள். வண்டி சந்திக்கு வரும்போது கைவிளக்கோடு ஒருவர் நிற்கட்டும்.

பிடித்தவனை அடிப்பது

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27ஆவது பிரிவு பொதுமக்களுக்கும் கைது செய்யும் உரிமை தருகிறது, ஆனால் அதன் எல்லை குறுகியது. பிணை மறுக்கத்தக்க, வாரண்டு தேவைப்படாத குற்றத்தை ஒருவன் உங்கள் கண்முன் செய்ய வேண்டும். பிடித்தபின் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். போன வாரம் கேமராவில் பார்த்தவன்போல் இருக்கிறான் என்பதற்காகப் பிடிக்க முடியாது. கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால் அடித்தவர்கள்மேல் 323ஆவது பிரிவு, ஆள் இறந்துவிட்டால் கொலை விசாரணை. அடித்ததைப் படம் பிடித்துப் புலனத்தில் போடுகிறவர் தன் அண்டைவீட்டாருக்கு எதிரான சாட்சியைத் தானே தயார் செய்து கொடுக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்ற ரோந்துக்கு வந்த பையன் லாக்கப்பில் உட்கார்ந்திருக்க, அவன் அம்மா நிலைய வாசலில் அழுவதைவிட, திருடன் ஓடிப் போவது எவ்வளவோ மேல்.

பாராங் கத்தியோடு ரோந்து

வேண்டாம். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதே 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செம்பனைக் காட்டுக்குப் போகும்போது இருக்கும் காரணம் நள்ளிரவு ரோந்துக்குப் பொருந்தாது.

பதிவில்லாத ரோந்து

அண்டை அயலாரை ஒன்றுசேர்க்கும் ருக்குன் தெத்தாங்கா 1975-இல் தொடங்கிய திட்டம். அன்று ரோந்து கட்டாயம், அதனால்தான் பெரியவர்கள் இன்றும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று வற்புறுத்துகிறார்கள். இப்போது 2012ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டப்படி தன்னார்வ ரோந்துத் திட்டமான எஸ்ஆர்எஸ் நடக்கிறது, தேசிய ஒற்றுமைத் துறை அதைக் கவனிக்கிறது. மாவட்ட ஒற்றுமைத் துறை அலுவலகத்தில் பதிந்துகொண்டு, ரோந்துக்காரர்கள் பட்டியலையும் அட்டவணையையும் போலீஸ் நிலையத்துக்குக் கொடுங்கள். பதியாமல் இரவில் வண்டிகளை நிறுத்தி விசாரிக்கும் கூட்டம், ரோந்துக் காரில் வரும் போலீசுக்கும் சந்தேகக் கூட்டம்தான்.

ஒரு சுற்றுக்கு மூன்று பேருக்குக் குறைய வேண்டாம். ஒளிரும் மேலங்கி, கைவிளக்கு, விசில், நோட்டு, மின்னூட்டிய கைப்பேசி போதும். ஒரே நேரத்தில் ஒரே பாதையில் சுற்றாதீர்கள்; பார்த்துக்கொண்டிருப்பவன் மூன்றே நாளில் கற்றுக்கொள்வான். வாரம் ஏழு இரவும் என்று தொடங்கினால் ரப்பர் பால் வெட்டுக்கு விடியலில் எழும் ஆட்கள் முதல் மாதமே விலகிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு இரவு, நாள் மாறி மாறி, ஒருவருக்கு மாதம் ஒரு முறை என்றால் ஓராண்டு தாங்கும்.

தோட்ட எல்லை: தாமான் ரோந்து செம்பனைக் காட்டுக்குள் போகக் கூடாது. அது தனியார் நிலம். அங்கே காவலாளியான ஜாகாவோ துணைப்போலீசோ இருப்பார்கள், இருட்டில் உங்களையே குலை திருடன் என்று நினைப்பார்கள். நிர்வாகியிடம் பேசி ஜாகாவின் எண்ணை மட்டும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா இருக்கிறதே என்ற நிம்மதி

நான்கு கேமராவும் ஒரு டெராபைட் வட்டும் இருந்தால் பதிவு சுமார் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரைதான் நிற்கும், அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். விசாரணை அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் அன்றே பென்டிரைவில் நகலெடுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடிப்பது நகல் ஆகாது. கருவியின் கடிகாரம் எத்தனை நிமிடம் தவறு என்பதையும் எழுதிக் கொடுங்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவுப்படி, கணினிப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கப்படலாம், அதனால் கருவியைப் பராமரிக்கும் ஆள் யார் என்று குறித்துவையுங்கள். கூரை உயரத்தில் மாட்டிய கேமரா தொப்பியைத்தான் காட்டும். இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், வாசலை நோக்கி ஒன்றாவது இருக்க வேண்டும்.

தகவல் கொடுத்தவர் பெயரைக் குழுவில் சொல்வது

போதைப்பொருள் விற்பவனின் மாமனும் அதே குழுவில்தான் இருப்பார்.

தடுப்புக் கம்பம்

பொதுச் சாலையை மாவட்ட மன்றத்தின் அனுமதியில்லாமல் மறிக்க முடியாது. காவலுக்கு ஆள் வைத்தால் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஆளாக இருக்கட்டும்.

இருட்டையும் போலீஸ் கணக்கில் எழுதுவது

போலீசோடு கூடும் கூட்டத்தில் பாதி நேரம் எரியாத விளக்கைப் பேசியே போய்விடுகிறது. அதற்குப் போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது. கம்பத்தில் பெயிண்ட்டால் எழுதிய எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பமென்றால் 15454-க்கு அழையுங்கள், மன்றத்தின் கம்பமென்றால் மன்றத்துக்கு எழுதுங்கள், தோட்டத்துக்குள் இருப்பதை நிர்வாகிதான் மாற்ற வேண்டும். போலீசிடம் கொடுக்க வேண்டியது அந்த இருட்டு இடங்களின் பட்டியல், மணியோடு. எந்த மூலையில் இரவு பதினொன்றுக்கு மேல் யார் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் ரோந்துக் காரை அங்கே திருப்ப முடியும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வீடுகளின் எண்களையும், திரும்பும் தேதியையும் முன்கூட்டியே நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலைப் புலனக் குழுவில் மட்டும் போட வேண்டாம்.