மெட்டல் டிடெக்டரோடு போன நாள் ஏன் வீணாகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள் முழுக்க வெயிலில் நடந்து, குனிந்து குனிந்து தோண்டி, கடைசியில் பையில் மிஞ்சுவது துருப்பிடித்த ஆணிகளும் குளிர்பான டின்னின் இழுவளையங்களும்தான். மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் எவருக்கும் இப்படி ஒரு நாள் வரும். உடனே பழி இடத்தின் மேல் விழும்: “இங்கே ஒன்றும் இல்லை, முன்னாலேயே யாரோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.” சில சமயம் அது உண்மைதான். ஆனால் பொருள் மண்ணிலேயே கிடக்க, கருவியை அமைத்த விதத்தாலும் வீசிய விதத்தாலும் அதைத் தாண்டிப் போய்விடுவதுதான் அதிகம்.

நாளைக் கெடுப்பதில் முதலிடம் சென்சிட்டிவிட்டிக்கு, அதாவது கருவி எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்ற அமைப்புக்கு. அதிகம் வைத்தால் அதிக ஆழம் தெரியும் என்று நம்பி, கருவியை இயக்கியதுமே உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். கருவியின் அடியில் இருக்கும் வட்டமான கம்பிச்சுருளான காயில் (coil) அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் பட்டால் அதனுள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது எழுப்பும் சிறிய எதிர்ப்புலத்தைத்தான் கருவி கேட்கிறது. ஆனால் மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாது, தலைக்கு மேலே போகும் மின்கம்பி, சட்டைப்பையில் இருக்கும் செல்போன், பக்கத்தில் நண்பர் வீசும் இன்னொரு டிடெக்டர் என்று எல்லாமே அதே காதில் வந்து விழுகின்றன. உச்சத்தில் வைத்தால் கருவி ஓயாமல் கீச்சிடும். ஆழத்தில் கிடக்கும் காசின் மெல்லிய ஒலி அந்தக் கூச்சலில் காணாமல் போகும். ஒரு மணி நேரத்தில் மனிதருக்கும் அலுத்துவிடும், நல்ல சிக்னல் வந்தாலும் நம்பத் தோன்றாது.

எனவே வரிசை முக்கியம். முதலில் காயிலை அசைக்காமல் பிடித்து, கருவியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதை ஓட்ட வேண்டும். அடுத்து உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணிலிருந்தே வரும் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. அப்புறம் கருவி அமைதியாகும் வரை சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும். மண் மாறினால் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி செய்ய வேண்டும். இதைப் பலரும் காலையில் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். கடலோர ஈரமணலில் பிரச்சினை வேறு: உப்புநீரே மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரண கருவி அங்கே பிதற்றத்தான் செய்யும். அதற்குப் பல அதிர்வெண் கருவியோ, விட்டுவிட்டுத் துடிப்புகளாகக் காந்தப்புலம் அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ வேண்டும். இல்லையென்றால் காய்ந்த மணலில் தேடுவது மேல்.

தன் உடம்பில் இருக்கும் உலோகத்தை மறப்பது இன்னொன்று. இரும்பு முனை வைத்த பூட்ஸ், காயிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்ட மண்வெட்டி, எல்லாம் ஒலி எழுப்பும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் புதைந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு உலோகம் தேடும் கருவியோடு வந்தார். தேடல் தோற்றது. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அப்பேர்ப்பட்டவருக்கே அந்தக் கதி என்றால் நம் பூட்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வீசும்போது காயில் ஊஞ்சல் போல இரு முனையிலும் மேலே எழும்பக் கூடாது. தரைக்கு 5 செ.மீ. மேலே போனால், மண்ணுக்குள் கருவி எட்டும் ஆழத்தில் ஏறக்குறைய அவ்வளவு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதியாவது படிய வேண்டும். பெரிய மைதானத்தை அரைமணியில் முடிப்பதைவிட, நல்ல ஒலி கேட்ட ஒரு மூலையைக் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக அலசுவதில்தான் பலன் அதிகம்.

குப்பை மேல் வரும் எரிச்சலில் டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களின் சிக்னலை ஒதுக்கும் அமைப்பை, கூட்டி, இழுவளையத்துக்குக் கருவியின் திரையில் வரும் எண்களை எல்லாம் மூடிவிடுவார்கள். மெல்லிய தங்க மோதிரமும் கிட்டத்தட்ட அதே எண்களில்தான் விழும். வளையத்தைத் தோண்ட மாட்டேன் என்பவர் மோதிரத்தையும் விட்டுவிடத் தயாராக இருக்க வேண்டும். இரும்பை மூடுவதிலும் ஆபத்து உண்டு: ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் கருவி இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடலாம். குப்பை நிறைந்த இடத்தில் சிறிய காயிலை மாட்டுங்கள். அது ஒரு நேரத்தில் குறைவான பொருள்களைத்தான் பார்க்கும்.

தோண்டுவதில் அவசரம் கூடாது. பொருள் இருக்கும் சரியான இடத்தைக் காட்டும் சிறிய கைக்கருவியான பின்பாயிண்டரால் இடத்தைக் குறிக்காமல் வெட்டினால் பள்ளம் பெரிதாகும், பொருளில் மண்வெட்டியும் படும். ஒன்று கிடைத்ததும் பள்ளத்தையும் அள்ளிப்போட்ட மண்ணையும் மறுபடி சோதித்துவிட்டே மூடவேண்டும். அடியில் இன்னொன்று இருக்கலாம்.

கிடைப்பது பெரிதாகத் தெரிந்தால் நிறுத்திவிடுவதே உத்தமம். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவருக்கு ரோமானியக் காசுகள் தட்டுப்பட்டன. அவர் எல்லாவற்றையும் தானே அள்ளாமல் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்ததால், பெட்டிக்குள் பொருள்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரிந்தது. மொத்தம் கிட்டத்தட்ட 15,000 காசுகள். சுத்தியலும் கிடைத்தது.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமலும் அந்த நாட்டுச் சட்டம் தெரியாமலும் இறங்குவதைத் தவறு என்று சொன்னால் போதாது, பல இடங்களில் அது குற்றம். பழைய போர்க்களப் பகுதியில் குண்டு போல ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல காசு கிடைத்த நாளையும் கெடுக்க ஒரு வழி உண்டு: அந்த இடத்திலேயே விரலால் தேய்ப்பது. ஒட்டியிருக்கும் மணல் பரப்பைக் கீறிவிடும், அந்தக் கீறல் அப்புறம் போகாது. மண்ணோடு மென்மையான ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.